நல்ல மாதிரிதான் சொன்னேன்

நர்ஸ் திரையை இழுத்துவிட்டு வழியை மறித்து நின்றாள். கட்டிலருகே ஒருவர்தான் இருக்கலாம், அதுவும் குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும். அவள் வேறு நாட்டுக்காரி, தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. மத்தியானம்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

"ஆர் யூ ஹிஸ் வைஃப்?"

மனைவிக்குக் கேள்வி புரிந்தது. கட்டிலில் கிடந்த கணவருக்கும் புரிந்தது. சரக்குக் கப்பல் கம்பெனியில் மேலாளர் அவர். காலையில் அலுவலகத்திலேயே சரிந்து விழுந்தவரை, கூட வேலை செய்பவர்கள் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வலது பக்கம் அசையவில்லை, பேச்சு வரவில்லை. காதும் கண்ணும் மட்டும் தெளிவாக இருந்தன. கல்யாணமான நாளிலிருந்து, ஆங்கிலத்தில் யார் என்ன கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொன்னவர் அவர்தான். "நீ வாயைத் தெறக்காதே, மானம் போயிடும்" என்பார். இப்போது மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஒருமுறை கம்பெனி முதலாளியும் மனைவியும் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். நாளெல்லாம் அடுப்படியில் வெந்தவள், வியர்வையைக்கூடத் துடைக்காமல் தட்டுகளை வைத்தபோது, முதலாளியம்மா அவளைக் காட்டி ஏதோ கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அப்புறம் அந்தம்மா இவள் பக்கம் திரும்பவே இல்லை.

பாத்திரம் கழுவும்போது கேட்டாள். "என்னைப் பத்தி என்னங்க சொன்னீங்க?"

"நல்ல மாதிரிதான் சொன்னேன்."

அவர் சொன்னதில் 'மெய்ட்' என்ற ஓசை மட்டும் அவளுக்குள் தங்கிவிட்டது. தன்னைப் புகழ்கிற ஏதோ ஒரு சொல் என்று பத்திரமாக வைத்திருந்தாள்.

அடுத்த விருந்தில் நாலு வார்த்தை பேசி அவரை அசத்திவிட வேண்டும் என்றுதான் அவருக்குத் தெரியாமல் கற்க ஆரம்பித்தாள். போனில் இருந்த ஆங்கிலப் பாடத்தில் ஒரு பெண் குரல் சொல்லும். இவள் திருப்பிச் சொல்லும்வரை காத்திருக்கும். வெங்காயத்தைப் பார்த்து 'நைஸ் டு மீட் யூ' என்பாள். பொங்கி வழிந்த பாலிடம் 'ஐ ஆம் சாரி' என்பாள். அப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஓட்டல் பாடம் வந்தது. 'தி மெய்ட் வில் க்ளீன் யுவர் ரூம்.' கீழே தமிழில் அர்த்தம் போட்டிருந்தது. வேலைக்காரி.

கையில் இருந்த கத்தி நின்றது.

அவரிடம் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் வழக்கம்போல அவர் தட்டில் சோறு போட்டாள். பாடத்தையும் விடவில்லை. ஆசைக்குப் படித்தவள் அன்றிலிருந்து வஞ்சத்துக்குப் படித்தாள். அவர் ஓய்வுபெறும் விழாவில், அத்தனை பேர் முன்னால் மைக்கைப் பிடித்து ஆங்கிலத்திலேயே கேட்டுவிடுவது என்று வைராக்கியமாக இருந்தாள். அதற்குள் ஆள் விழுந்துவிட்டார்.

நர்ஸ் மறுபடி கேட்டாள்.

"நோ," என்றாள். "ஐ ஆம் ஒன்லி தி மெய்ட்."

உச்சரிப்பு சுத்தமாக வந்தது. அவள் ஆங்கிலம் பேசியதில் முதலில் அவர் புருவம் ஏறியது. அப்புறம்தான் அந்தச் சொல் உள்ளே இறங்கியது. நன்றாக இருந்த இடது கை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

அவள் குனிந்தாள். "பதறாதீங்க. நல்ல மாதிரிதான் சொன்னேன்."

"ப்ளீஸ் வெயிட் அவுட்சைட்," என்றாள் நர்ஸ்.

"ஓகே. நோ ப்ராப்ளம்."

விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கதவைத் தாண்டும்போது திரைக்குப் பின்னால் ஒரு குரல் எழுந்தது. அவளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, 'ஏய்' தான். இப்போது வந்தது அவள் பேரின் முதல் எழுத்து மாதிரிதான் இருந்தது. அவள் திரும்பவில்லை.

நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மகளின் போன் வந்தது.

"அம்மா, ரயில் ஏறிட்டேன். அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"பக்கத்துலயே இரும்மா. தனியா இருந்தா பயந்துடுவாரு."

"கதவுக்கு வெளியிலதான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டு எழுந்தாள். ஒரே வாக்கியம் சொன்னால் போதும், உள்ளே விட்டுவிடுவார்கள். முதல் பாடத்திலேயே வந்த வாக்கியம். 'ஐ ஆம் ஹிஸ் வைஃப்.' கதவுவரை போனாள். கைப்பிடியில் கை வைத்தாள். பிறகு வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர்கள் உள்ளே ஓடினார்கள். ஓடினவர்கள் மெதுவாக வெளியே வந்தார்கள். கடைசியாக நர்ஸ் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அவருடைய சட்டை, கண்ணாடி, ஷூ.

"ஐ ஆம் சாரி," என்றாள். "ப்ளீஸ் கால் ஹிஸ் வைஃப்."

அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

"ஐ வில் டெல் ஹர்."

லிப்டில் ஒரு பெரியவர் மட்டும் நின்றிருந்தார். பொத்தான்களின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"விச் ஃப்ளோர்?"

"கிரவுண்ட், ப்ளீஸ். தேங்க் யூ."

கதவு மூடி, லிப்ட் இறங்க ஆரம்பித்தது. பைக்குள்ளிருந்து ஒரு ஷூவின் நுனி பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு நீட்டியிருந்தது. பை கிழிந்துவிடாமல் அந்த இடத்தில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கியபடி நின்றாள்.