ஒரே பானைச் சோறு

"உன் கை பட்டது எதுவும் என் ஃப்ரிட்ஜுல ஏறக் கூடாது" என்று கெங்கம்மாள் அடுப்படி வாசலை மறித்து நின்றாள்.

ஓரகத்தி வடிவின் கையில் இருந்தது, உறைகூடப் பிரிக்காத ஓர் ஐஸ் பை. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. எச்ஐவிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களின் குடலில் என்னென்ன கிருமிகள் குடியிருக்கின்றன, அவற்றுக்கும் சுகருக்கும் கொழுப்புக்கும் என்ன உறவு என்று அங்கே ஆராய்கிறார்கள். மறுநாள் காலை வெளிக்கிப் போவதில் கொஞ்சம் டப்பாவில் எடுத்து, உறையவைத்த அந்தப் பையோடு சில்லென்று கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

மரக்காணத்து மீன்காரியிடம் ஐஸ் கேட்டு வாங்கிவைத்து, மறுநாள் வடிவு கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் அந்த டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். வடிவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எங்க வீட்டுல என் கையால தண்ணி வாங்க மாட்டாங்க டாக்டரம்மா. இங்க இதப் போயி வஞ்சிரமாட்டம் வாங்குறீங்க."

கணவன் மாயவன் செத்தபோது விட்டுப்போனவை இரண்டு: வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லையும் இந்த நோயும். கொல்லையை அவன் தம்பி, கெங்கம்மாளின் புருஷன் சின்னதுரை வைத்துக்கொண்டான். ஆளுக்கு ஒன்றாகப் பாகம் சரியாகத்தான் பிரிந்தது என்பாள் வடிவு. அவள் ஈர்க்குச்சியாக இளைத்துச் சாவாள் என்று ஊர் காத்திருந்தது. அவளோ மாத்திரை தின்று தொப்பை போட்டாள். பூசணிக்காயாகி ஊரை ஏமாற்றிவிட்டேன் என்று அதற்கும் தன்னையே கேலி செய்துகொள்வாள். தன் தட்டிலும் டம்ளரிலும் அடையாளத்துக்குக் கெங்கம்மாள் நெயில் பாலிஷால் வைத்த சிவப்புப் பொட்டை மட்டும் அவளால் கேலி செய்ய முடிந்ததில்லை. அது வலித்தது.

டாக்டர் ஆர்த்தி இன்னொன்றும் கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க, நோய் இல்லாத ஒருவர் வேண்டும். அதே வீட்டில், அதே பானைச் சோறு சாப்பிடுகிறவர். பானை ஒன்றுதான். சோறு மட்டும் வடிவின் தட்டில் ஒரு முழ உயரத்திலிருந்து விழும். கெங்கம்மாள் முதலில் முகம் சுளித்தாள். ரத்தமும் ஸ்கேனும் இலவசமாகப் பார்ப்பார்கள் என்றதும் புடவை மாற்றிக்கொண்டாள். பஸ்ஸில் வடிவு முன் சீட்டு, அவள் கடைசி சீட்டு.

சில மாதம் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். வடிவுக்குச் சுகர் எல்லையில் நின்றது. தினம் நடையும் கேப்பைக் கூழும் மோரும் காப்பாற்றிக்கொண்டிருந்தன. கெங்கம்மாளுக்குச் சுகர் எகிறிக் கிடந்தது, ஈரலில் கொழுப்பு. அடுத்ததை டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"ரெண்டு பேர் வயித்துலயும் நிறைய ஒரே கிருமிங்கதான். ஒரே வீட்ல இருக்கிறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க, இதெல்லாம் நல்ல கிருமி. எச்ஐவி சாப்பாட்டுலயோ டம்ளர்லயோ ஒட்டாது."

கெங்கம்மாளுக்கு முகம் வெளுத்தது. வடிவு தொப்பையைத் தடவிக்கொண்டாள்.

"தட்ட வேற வெச்ச, டம்ளர வேற வெச்ச. இந்தக் கிருமிங்களுக்கு மட்டும் சொல்ல மறந்துட்டியே கெங்கா."

இரண்டு பேரும் ஆஸ்பத்திரியின் எச்ஐவி பிரிவு வாசலிலிருந்து வெளியே வந்ததை ஊர்க்காரர் யாரோ பார்த்திருந்தார்கள். ஒரு வாய்ப் பேச்சு மூன்று தெரு தாண்டும் என்பது நம் ஊருக்குப் புதிதா? அந்த வாரம் பக்கத்து வீட்டுத் தையல்நாயகி மகளுக்கு வளைகாப்பு. எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. கெங்கம்மாளுக்குப் பேப்பர் கப்பில் வந்தது. வளையல் போடப் போன கையை மெதுவாக ஒதுக்கினார்கள்.

சோற்றுக்கு உட்காராமல் திரும்பியவள் நேரே பின்கட்டுக்கு வந்தாள். வடிவு மோர் கடைந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு வெறும் சுகருதான்னு சொல்லிப் பாத்தேன்க்கா. யாரும் நம்பல."

அவள் 'அக்கா' என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"நானும் வெறும் மஞ்சக்காமாலைன்னுதான் மொதல்ல சொன்னேன்" என்றாள் வடிவு.

தன் டம்ளரிலேயே மோரை ஊற்றி நகர்த்தினாள். கெங்கம்மாளின் கண் சிவப்புப் பொட்டில் போய் நின்றது.

"அந்த நெயில் பாலிஷு மிச்சம் இருக்குதா பாரு. உனக்கும் ஒரு டம்ளருல பொட்டு வெச்சிடலாம்."

கெங்கம்மாள் சிரிக்கவில்லை. டம்ளரை எடுத்து, தூக்கி ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்தே குடித்தாள்.