கூரையைத் தொடாத சுவர்

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பக்கத்து வீட்டு நாகேஷ் யாருக்கோ போனில் வரிசை வீடுகளைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான். புனேயில் வீட்டுக்கு வீடு தனிச் சுவராம். மும்பையில் வராந்தா பொது, ஆனால் சுவர் மேல்தளம் வரை போகுமாம். பெங்களூரில் இப்போது கட்டுவதில் அடுத்த வீட்டுக் குக்கர் விசில்கூடக் கேட்காதாம். மாரிகுப்பம் லைனில் மட்டும்தான் இந்த அசிங்கமாம்.

ஷோபா ஒரு சொல் விடாமல் கேட்டாள். கேட்காமலிருக்க வழியில்லை. சுரங்கக் கம்பெனி கட்டிய அந்த லைனில் சுவர்கள் ஆளுயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதற்கு மேல் இடைவெளி. கடைசி வீடு வரை ஒரே தகரக் கூரை. சண்டை போடுவதென்றால் முதலில் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுத் தொடங்குவார்கள்.

ஷோபா விடியுமுன் பெங்களூர் ரயிலேறிக் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவாள். இடுப்பொடிந்து கட்டிலோடு கிடக்கும் மாமியார் கங்கம்மா படுத்தபடியே குரல் கொடுத்தால், நாகேஷின் அம்மா பாப்பம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொல்லிக்கொண்டு வந்துவிடுவாள். அந்த இடைவெளியைத்தான் நாகேஷ் இப்போது அடைக்கிறான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் வந்தபோது அந்த இடைவெளியை அண்ணாந்து அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்.

“உங்கம்மாக்கு கேக்கலன்னா எங்க மாமியார் கதி இன்னா நாகேசு?”

“வர்ற பொண்ணு பெருமூச்சு வுட்டாகூட உங்களுக்குக் கேக்கும்க்கா. ஒரு பெல்லு வெச்சுக்கலாமே.”

“கண்ணே சரியா தெரியல, பட்டன எங்க தேடும்? ஊர் ஊரா வூட்ட அளந்தியே, அங்கெல்லாம் படுத்துக் கெடக்கறவங்கள யார் பாக்கறான்னு கேட்டியா?”

“ஆள் வெச்சிருக்காங்க.”

“ஆங். அதச் சொல்லு.”

எரிச்சல் என்னவென்றால், அவன் சொல்வதில் நியாயமிருந்தது. கல்யாணமான புதிதில் இதே வீட்டில் புருஷனிடம் கிசுகிசுத்தே காலம் தள்ளியவள் அவள். நிம்மதியாகத் திட்டக்கூட முடியவில்லை.

காலையிலிருந்து சுவரை உயர்த்திக்கொண்டிருந்த கொத்தனார் மத்தியானம் டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. மீதிக் கல்லை நாகேஷே வைக்க வந்தான். அவன் பக்கம் புதுக் கட்டிலும் பீரோவும் அடைத்துக்கொண்டிருந்ததால் ஏணி ஷோபா வீட்டுக்குள் வந்தது. ஆடிய ஏணியை, வாய்க்குள் முணுமுணுத்தபடி, அவளே பிடித்துக்கொண்டாள். சுவரின் உச்சியில் ஒரு கல் வைக்கும் சந்துதான் பாக்கி.

“பாப்பம்மா, துன்னியாடி?” என்றாள் கங்கம்மா, கட்டிலிலிருந்து.

“துன்னேன்டி. கத்திரிக்கா கொயம்பு. உம் மருமவ இன்னா வெச்சா?”

“எங்க வெச்சா? காலையிலேர்ந்து உம் புள்ளையாண்ட சண்டதான்.”

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. நாகேஷ் கல்லைக் கையில் வைத்தபடி சந்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். ஈரச் சிமென்ட் ஷோபாவின் தலையில் சொட்டியது.

“வெக்கறதுன்னா வெய்யி, இல்லன்னா எறங்கு. எம்மா நேரம் புடிச்சினு நிக்கறது?”

அவன் வைக்கவுமில்லை, இறங்கவுமில்லை.

“ஏய் கங்கம்மா,” சந்து வழியே பாப்பம்மாவின் குரல் மெலிதாக வந்தது. “நான் பேசறது கேக்குதா?”

கங்கம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, சுவர்ப் பக்கம் காதைத் திருப்பினாள்.