பனைமரத்துக்கு ஆறடி தள்ளி

எங்கள் ஊர் மினசோட்டாவின் வடகோடியில் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. பூச்செடி நடக் குழி பறித்தாலே மண்வெட்டி டங்கென்று கத்தும். நவம்பர் பிறந்துவிட்டால் மேலே இருக்கும் கொஞ்சநஞ்ச மண்ணும் உறைந்து, மே மாதம் வரை அதுவும் பாறைதான். திட்டக்குழுத் தலைவர் ஆர்வோ லெஹ்டோவுக்கு இது தெரியாதா? ஆனால் மனிதர் குளிருக்குப் பயந்து மூன்று மாதம் அரிசோனாவில் இருந்துவிட்டு வந்தார். அங்கே வானத்தில் ஒரு மின்கம்பிகூடக் கிடையாதாம்.

வந்ததும் வராததுமாக அந்த ஊர்க் கட்டட விதிகளை என் மேஜையில் போட்டார். நான் முப்பது வருடமாக நகராட்சி எழுத்தர்.

"ஊர் பேர மட்டும் மாத்தி டைப் அடிச்சிடு, கிளாடிஸ். இனிமே புதுசா எது கட்டினாலும் கரண்ட் லைன், போன் லைன் எல்லாம் மண்ணுக்குள்ளதான்."

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன். 'மின்தடம் பனைமரத்திலிருந்து ஆறடி தள்ளி இருக்க வேண்டும்' என்ற வரி, பனைமரமே இல்லாத எங்கள் ஊருக்கும் அப்படியே வந்தது; அதை எடு என்று யாரும் சொல்லவில்லை. நானும் பிடிவாதக்காரி.

அக்டோபரில் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் கூட்டம். வந்த ஒரே ஆள் மார்லிஸ் பாவ்லிச். பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டுவிட்டு, பாஸ்டி கடை போட்டுக்கொண்டிருந்தாள். இறைச்சியும் கிழங்கும் அடைத்துச் சுடுகிற பாஸ்டி இல்லாமல் எங்கள் ஊரில் எவனும் காட்டுக்குப் போகமாட்டான். நவம்பரில் மான்வேட்டை தொடங்கும் சனிக்கிழமைக்குள் கடை திறந்தாக வேண்டும். அதை விட்டால் அவளுக்கு அந்தக் குளிர்காலமே போச்சு. பின்புறம் புதிதாகக் கட்டிய சமையலறைக்கு மின்சாரம்தான் பாக்கி; விண்ணப்பம் என்னிடம் கிடந்தது.

பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.

"ஆர்வோ, என் கடைக்குப் பின்னாடி முழுக்கப் பாறை. எப்படித் தோண்டறது?"

"பாறை ஒரு காரணமா? உங்கப்பா சுரங்கத்துல என்ன பண்ணாரு, சீட்டா ஆடினாரு?"

"அவருகிட்ட வெடிமருந்து இருந்துச்சு. என்கிட்ட கரண்டிதான் இருக்கு."

ஆர்வோ சிரிக்கவில்லை. "விதிவிலக்குன்னு ஒண்ணு வச்சா ஊரே வரிசையில நிக்கும். அந்த விதிவிலக்குப் பக்கத்தையே எடுத்துடு, கிளாடிஸ்."

பின்மேஜையில் எலுமிச்சை கேக் காத்திருந்ததால் குழுவின் ஐந்து கைகளும் உடனே உயர்ந்தன. மார்லிஸ் ஒரு துண்டுகூட எடுக்காமல் போனாள். நான் எல்லாவற்றையும் வார்த்தைக்கு வார்த்தை குறிப்பில் எழுதி வைத்தேன்.

பத்தாம் நாள் ஆர்வோவே மின் இணைப்பு விண்ணப்பத்தோடு என் மேஜை முன் நின்றார். கோடையில் எரிந்துபோன சௌனாவுக்குப் பதில் புதிதாகக் கட்டியிருந்தார். பின்லாந்து வம்சம், வாரம் இருமுறை அந்த நீராவி அறையில் வேகாவிட்டால் அவருக்கு உயிர் தரிக்காது.

"லைனுக்கு எங்க தோண்டப் போறீங்க?" என்றேன்.

"ஏம்மா, சௌனா ஒரு கட்டடமா?"

"நாலு சுவரு, ஒரு கூரை, ஒரு கரண்ட் அடுப்பு. நீங்க எழுதினதுதான்."

தோண்டும் எந்திரத்தை வரவழைத்தார். இரண்டாவது அள்ளலிலேயே அதன் பல் உடைந்தது.

அவசரக் கூட்டம் போட்டார்கள். தன் சொந்த விஷயம் என்பதால் தலைவர் நாற்காலியை விட்டு இறங்கி, அவரும் மூன்று நிமிடக்காரராக நிற்க வேண்டியதாயிற்று. துணைத் தலைவர் கிளாரென்ஸ் கடிகாரத்தை முடுக்கினார்.

"உன் கஷ்டம் என்ன, ஆர்வோ?"

"பாறை."

யாரும் கேட்காமலே, போன கூட்டத்தின் குறிப்பை நான் உரக்க வாசித்தேன். "பாறை ஒரு காரணமா? உங்கப்பா சுரங்கத்துல…"

"போதும், கிளாடிஸ்!"

கூடம் சிரித்து அடங்கியது. அரை நிமிடம் மிச்சமிருந்தபோது ஆர்வோ இறங்கி வந்தார்.

"சரி. பாறை இருக்கிற எடத்துல கம்பி மேலயே போகட்டும். எல்லாருக்கும்."

"மார்லிஸுக்கும்னு சொல்லுங்க. எழுதணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

வேட்டைக்கு முன் மின் ஊழியருக்கு ஒரே ஓர் இணைப்புத் தரத்தான் நேரம். அப்புறம் இரண்டு வாரம் அவரும் காட்டில்தான். விண்ணப்பங்களைத் தேதி வரிசைப்படி அடுக்குவது என் வேலை. மார்லிஸுடையது மேலே இருந்தது. இந்த முப்பது வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் அடுக்கியதில்லை.

வேட்டைச் சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. ஆர்வோ குளிரில் விறைத்துப்போய் வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் கண்ணெதிரே வானத்தின் குறுக்கே புத்தம்புதுக் கம்பி. அதன் கீழே, வாசலில், இடுப்புயர பிளாஸ்டிக் பனைமரம் ஒன்று.

மார்லிஸ் சூடான பாஸ்டியை அவர் முன் வைத்தாள்.

"ஆறடி இருக்கு. அளந்துட்டேன்."

ஆர்வோ வெகுநேரம் மென்றார். கம்பியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"அஞ்சரைதான் இருக்கும்," என்றார். "இன்னொண்ணு குடு."