உட்கருவுக்கு வெளியே

பரிசோதனைக்கூடத்தின் ஜன்னல் பெயிண்டரின் கழுத்தளவு உயரத்தில் இருந்தது. அறிக்கையை வாங்க வலக்கையை இடக்கையால் தாங்கித் தூக்கினார். நெஞ்சைத் தாண்டவில்லை. அதற்குள் மூச்சு வாங்கி இருமினார்.

"விடுங்க, நான் வாங்கறேன்" என்றாள் மனைவி. "நாலு மாடி சாரமேறி அடிச்ச கை, ஒரு காகிதத்துக்குப் போய் இவ்வளவு பாடுபடுது."

"இதையெல்லாம் வீட்டுல வச்சுக்கக் கூடாதாடி?"

உள்ளே நின்ற டெக்னீஷியன் சிரித்துவிட்டாள். பதினாறு வருடமாக இருட்டறையில் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்திருப்பதால் கூடத்தில் அவளுக்கு 'ஆந்தை' என்றே பெயர். ஜன்னல்காரர் சாப்பிடப் போனதால் இன்று வெளிச்சத்துக்கு வந்திருந்தாள். நேற்று அவளே கையெழுத்துப் போட்ட அறிக்கைதான் அது: நெகட்டிவ்.

"நெகட்டிவ்னா நல்லதுதானே மேடம்?" என்றாள் மனைவி. "இது இல்லேன்னா வெறும் சளிதான், இருமல் மருந்து போதும்னு மேல டாக்டர் சொன்னார்."

டெக்னீஷியன் தலையசைக்கப் போனாள். அப்போதுதான் பெயிண்டரின் விரல்கள் கண்ணில் பட்டன. ஓரமெல்லாம் தடித்து, பாளம் பாளமாக வெடித்திருந்தன.

"கை ஏன் இப்படி இருக்கு?"

"தின்னர்ல ஊறின கை மேடம். எங்க தொழில்ல எல்லாருக்கும் இப்படித்தான்."

"வேலைக்குப் போய் எத்தனை நாளாச்சு?"

"நாலு மாசம்."

அவளுக்குப் பொறி தட்டியது. தின்னர் படாமல் நாலு மாதம் இருந்தால் தோல் தேறியிருக்க வேண்டுமே!

"அந்தக் காகிதத்தைக் குடுங்கம்மா. ரெண்டு பேரும் அப்படி உட்காருங்க" என்று அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு இருட்டறைக்கு ஓடினாள்.

அந்தச் சோதனை அழகான ஒரு வேலை. நோய்க்கிருமியோடு சண்டை போடத்தான் உடம்பு எதிர்பொருள் தயாரிக்கிறது. சிலருக்கு அது ஆள் மாறி, சொந்த உடம்பையே அடிக்கத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட எதிர்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, கண்ணாடித் தகட்டில் வளர்த்த மனித செல்கள் மேல் நோயாளியின் ரத்தநீரை விடுவார்கள். இருந்தால் செல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். எத்தனை கழுவினாலும் போகாது. பிறகு, அதைத் தேடிப் பிடித்து ஒட்டும் பச்சைச் சாயம். இருட்டில் நீல ஒளி பாய்ச்சினால், ஒட்டிய இடம் பச்சையாக மின்னும்.

பெரும்பாலும் மின்னுவது செல்லின் நடுவே இருக்கும் உட்கரு. சோதனையின் பெயரிலேயே உட்கருதான் இருக்கிறது. அறிக்கைப் படிவத்திலும் அதற்கு மட்டுமே கட்டம். எனவே கண்ணும் நேரே அங்கேதான் போகும். நேற்று அவள் கண்ணும் அப்படித்தான் போயிற்று. நடு கறுப்பு, ஆகவே நெகட்டிவ், அடுத்த தகடு.

இன்று அதே தகட்டில் நடுவை விட்டுச் சுற்றிலும் பார்த்தாள். செல் முழுக்கப் பச்சைப் பொடி தூவியது போல் மெல்லிய மினுமினுப்பு. நேற்று தவறவிட்டது இதைத்தான்.

கூடத்தின் தலைமை டாக்டரம்மாவை அழைத்து வந்து காட்டினாள். அவர் கண்ணை எடுக்காமலே பேசினார். "திருத்தின அறிக்கைக்குத் தனி நோட்டு இருக்கு, தெரியும்ல? அதுல பேர் இல்லாத ஒரே ஆள் நீதான்."

பதினாறு வருடமாக அவள் காத்துவந்த பெருமை அது.

"இன்னைக்கு என் பேரும் வரட்டும் டாக்டர். ஸ்ட்ரிப் சோதனையும் போடட்டுமா?"

"இன்னும் இங்கேயே நிக்கறியே, போடு!"

எந்த எதிர்பொருள் என்று பெயர் சொல்லும் சோதனை அது. சாயங்காலம் நாலு மணிக்கு, தாள் பட்டையில் ஜோ-1 என்ற இடத்தில் கோடு அழுத்தமாக விழுந்தது. தசையையும் நுரையீரலையும் சேர்த்துத் தாக்கும் நோயில் வருவது. விரல் வெடிப்பும் அதன் கைவரிசைதான்.

சேதி கேட்ட பெயிண்டர், "நான் ஒரு தடவை பார்க்கலாமா?" என்றார். மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பச்சை சீரா உக்காந்திருக்கு. நடுவுல மட்டும் பிரஷ் படல."

"நடுவை மட்டும் பார்த்துதான் நேத்து ஏமாந்துட்டேன்."

அறிக்கையை ஆள் மூலம் அனுப்புவதுதான் வழக்கம். அன்று அவளே எடுத்துக்கொண்டு இருவரோடும் மாடியேறினாள்.

மேலே டாக்டர் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். பெயிண்டரின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தசைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, நுரையீரலுக்கு ஸ்கேன், ரெண்டும் உடனே எடுங்க. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா நுரையீரல் தழும்பாயிருக்கும். இப்பவே பிடிச்சதால மருந்து கேட்கும்" என்றவர் நிமிர்ந்தார். "நேத்து யார் பார்த்தது? இன்னைக்கு யார் பார்த்தது?"

"நேத்து தப்பா பார்த்ததும் நான்தான் டாக்டர், இன்னைக்கு சரியா பார்த்ததும் நான்தான்" என்றாள் ஆந்தை, தலை நிமிர்ந்து.