காத்தோட போயிரும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொரைக்கு ஏவுகிற தமிழ் மட்டும்தான் தெரியும். நில்லு, போ, கொண்டா, கழுவு. காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவதற்காகக் கற்றுக்கொண்ட தமிழ் அது. கெஞ்சுகிற சொல் ஒன்றுகூட அதில் கிடையாது.

அந்தப் பெரட்டில்தான் போய் நின்றேன். ராகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து ஃபேக்டரியில் புகைபோக்கி பாதி இடிந்து கிடந்தது. ஈர விறகோடு பழைய டயரையும் போட்டு எரிப்பார்கள். புகை நேரே நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குள் இறங்கும். என் மகள் தனுஷிகாவுக்கு இழுப்பு.

"தொர, புள்ளைக்கு மூச்சு விட முடியலைங்க. புகைபோக்கிய கொஞ்சம் ஒசத்திக் கட்டினா..."

"புகை காத்தோட போயிரும். நீ வேலைக்குப் போ."

காற்றோடு போனவள் என் பிள்ளை. நாலு வயது.

கருமாதி முடிந்ததும் என்னைத் தொரை பங்களாக் குசினியில் சமைக்க மாற்றினார்கள். இரக்கமாம்.

பங்களா முன்னறையில் பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் கடல் தண்ணீர், உயிருள்ள பவளம், சிப்பி, வண்ண மீன்கள். பிள்ளை இல்லாத தொரைக்கு அதுதான் பிள்ளை. விருந்தாளிகளுக்கு நான் தேத்தண்ணி வைக்கும்போதெல்லாம் சிங்களத்தில் ஒரே கதை சொல்வார். உலகத்துப் புகையில் இருக்கிற கரியமில வாயுவைக் கடல் குடிக்கிறதாம். அதனால் தண்ணீர் புளித்துப்போகிறதாம். புளித்த தண்ணீரில் பவளம் வளராது, சிப்பி ஓடு கரையும் என்பார். சொல்லும்போது கண் கலங்கும். எனக்குச் சிங்களம் புரியும் என்பது அவருக்குத் தெரியாது.

ஆக, மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் குசினிச் சுவரோரம் இருந்தது. அது காற்றை இழுக்கும் குழாயை அடுப்புப் புகைபோக்கிக்குள் செருகினேன். கரி ஏறாமலிருக்க அதன் வாயில் துணியைச் சுற்றினேன். கண்ணுக்குத் தெரியாத வாயு போனால் போதும். அடுப்பில் சோறு கொதித்தபோதெல்லாம் தொட்டியும் குமிழிவிட்டது.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடைசியில் தனுஷிகாவும் அப்படித்தான் செய்தாள். பாவமாகத்தான் இருந்தது. குழாயை எடுக்கவில்லை. சில வாரத்தில் பவளம் வெளுத்தது. சிப்பி ஓடு விரல் பட்டாலே பொடிந்தது.

கொழும்பிலிருந்து வந்த தொட்டிக்காரர் ஒரு காகிதத்தை நனைத்துப் பார்த்து, "தண்ணி புளிச்சிருச்சு சேர். எங்கேயோ புகை ஏறுது" என்றார் சிங்களத்தில். இருவரும் குழாயைப் பிடித்துக்கொண்டே குசினிக்கு வந்து சேர்ந்தார்கள்.

தொரை குழாயைப் புகைபோக்கியிலிருந்து உருவினார். "வடிவு, நீ... எல்லாம் செத்துப் போச்சு." அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை.

நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"புகைதானே தொர. காத்தோட போயிரும். நீங்க வேலைக்குப் போங்க."

அவர் வாய் திறந்து திறந்து மூடியது. நான் பேசியது அவருடைய தமிழ்தான். புரிந்துவிட்டது.