வலது கணுக்கால்

சின்னையா கட்டுப் போட்டுக்கொண்டது நல்ல காலுக்கு. சனிக்கிழமை மத்தியானம், பினாங்குத் துறைமுகத்தில் வெல்ட் கீ கரையோரத்துக் கம்பெனி வீட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணியை வலது கணுக்காலில் எட்டுச் சுற்றாகச் சுற்றிக்கொண்டிருந்தான். முடிச்சுப் போட மனைவி வடிவம்மாள் குனிந்தாள். ஆறு மாத வயிறு இடித்தது. "நீ இரு" என்று அவனே முடிந்துகொண்டான். கெட்டுப்போன கால் இடது. அதன் முட்டிக்குள் என்னவோ இடம் மாறிப்போய், மூன்று மாதமாகப் படியிறங்கும்போதெல்லாம் களுக்கென்று ஒரு சத்தம் கேட்கிறது. அந்தக் காலை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் வெறுமனே விட்டிருந்தான்.

திட்டம் அவனுடையதுதான். கணுக்கால் சுளுக்கு என்றால் ஆறிவிடும் என்று பொறுப்பார்கள். முட்டி போய்விட்டது என்று தெரிந்தால் அத்தோடு கால்பந்து ஆட்டக்காரனும் போனான். நொண்டுவதை மறைக்க முடியாது. எந்தக் கால் நொண்டுகிறது என்பதை மாற்றிக்கொள்ளலாம். அதற்காக வடிவம்மாள் கொல்லைச் சந்தில் பத்து நாள் அவனை நடக்கவிட்டுப் பழக்கினாள். "ஐயே, மறுபடி அந்தப் பக்கம் சாயுறீங்களே!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இன்னொரு லாபமும் இருந்தது. எதிரணிக்காரர்கள் எப்போதும் கட்டுப் போட்ட காலைத்தான் குறிவைத்து உதைப்பார்கள். உதைக்கட்டுமே, அது நல்ல கால், தாங்கும். மூன்று மாதம் தாங்கத்தான் செய்தது. தன் மூளையை நினைத்துச் சின்னையாவுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எட்டு வருஷத்துக்கு முன் நாகப்பட்டினத்துக் கடற்கரையில் அவன் வெறுங்காலோடு ஆடியதைப் பார்த்த ஒரு கப்பல் அதிகாரி, பினாங்கில் தோணிக் கம்பெனி நடத்தும் துரையிடம் போய்ச் சொன்னார். துரை டிக்கெட் அனுப்பினார். கம்பெனிப் புத்தகத்தில் சின்னையா கிடங்குக் காவல்காரன். அந்தக் கிடங்கின் பூட்டு எந்தப் பக்கம் திறக்கும் என்பது சத்தியமாக அவனுக்குத் தெரியாது. சம்பளமும் வீடும் அவன் காலுக்காகத்தான் என்பது துரைக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். சூலியா தெருவில் ரிக்‌ஷா இழுக்கும் சீனர்கள்கூட அவனைக் கண்டால், "சின்னாயா, கோல்!" என்று கத்துவார்கள்.

அதெல்லாம் ரப்பர் விலை விழுவதற்கு முன். இப்போது தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. வேலை போனவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து, தகரப் பெட்டியும் பாயுமாக படகுத்துறையில் உட்காரவைத்து, இலவசக் கப்பலில் ஊருக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னையாவின் வாசலில் நின்றாலே அந்த வரிசை தெரியும். போன வருஷம் அணியில் ஆடிய வெள்ளையனுக்கு முட்டி போயிற்று. எட்டாம் நாள் அவன் வீட்டுக்கு வேறு பூட்டுப் போட்டார்கள். அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவன் சின்னையாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போனவனிடமிருந்து ஒரு காகிதம் வரவில்லை. சின்னையாவுக்கும் ஊரில் யாரும் இல்லை. இருந்த வீட்டையும் அண்ணன்மார் விற்றுத் தின்றுவிட்டார்கள். வடிவம்மாளோ இங்கேயே, புக்கிட் தெங்கா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். ஊர் என்ற சொல்லைக் கேட்டதோடு சரி.

"மனசு ஒரு மாதிரியா இருக்குங்க. இன்னிக்கு மட்டும் வேணாமே" என்றாள்.

"இன்னிக்கு மட்டும்தான் வடிவு. இது முடிஞ்சா அஞ்சு மாசத்துக்கு ஆட்டமே இல்ல. முட்டி தானா ஆறிடும். அதுக்குள்ள புள்ளையும் பொறந்துடும்."

அவள் கட்டின் நுனியை உள்ளே செருகிவிட்டாள்.

பாடாங் மைதானத்தில் கூட்டம் கடற்சுவர் வரைக்கும் நின்றது. கோப்பைக்கான கடைசி ஆட்டம். எதிரே ஈப்போ அணி, அதில் பாதிப்பேர் பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள். வானம் மூடிக்கொண்டு காற்றே இல்லாமல் புழுங்கியது. கூடாரத்துக்குள் நுழைந்ததும் சின்னையாவின் கால்கள் நின்றுவிட்டன. துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், கம்பெனி ஆட்களுக்கு வைத்தியம் பார்க்கும் டிரசர் சந்திரசேகரன், தோல் பையைத் திறந்துவைத்துக்கொண்டு, ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

துரை முன்பு தோட்டத்தில் இருந்தவர். தமிழ் நன்றாக வரும், கூலிகளை விரட்டிப் பழகிய தமிழ். "சின்னையா, வா வா. கிளப்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், கோப்பை நம்மளுதுன்னு. உன் சுளுக்குக்கு மருந்து கொண்டாந்திருக்கேன். ஊசி போட்டா கால் மரத்துப்போகும். வலி தெரியாது. நீ ஓடலாம்."

இப்படி ஒன்று வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. "இப்போ தேவலை துரை. ஊசி வேணாம். ஆறிடுச்சு."

"ஆறிடுச்சா?" துரை சிரித்தார். "அப்போ ஏன் நொண்டிக்கிட்டு வந்தே? சரி. கட்டை அவுரு. அந்தக் கம்பம் வரைக்கும் ஓடிக் காட்டு."

கூடாரத்தின் ஓரத்தில் கோல் காக்கும் யூசுப் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். அப்பா தமிழ் முஸ்லிம், அம்மா மலாய்க்காரி, துரையை மலாயில் துவான் என்பான். சின்னையாவுக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதன். அவன் நிமிர்ந்து, "போட்டுக்கங்க லா, அண்ணே. துவான் நல்லதுக்குத்தான சொல்றாரு" என்றான். அவனிடம்கூடச் சின்னையா உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்கலாமே என்று இப்போது தோன்றியது.

ஓடிக் காட்டினால் முட்டி காட்டிக்கொடுத்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்து வலது காலை நீட்டினான். டிரசர் கட்டை அவிழ்த்தார். கணுக்காலை ஒருமுறை அழுத்தினார், திருப்பினார், மறுபடி அழுத்தினார். வீக்கம் இல்லை, சூடு இல்லை. அவர் விரல்கள் நின்றன. அவர் பார்வை மெல்ல இடது முட்டிக்குப் போயிற்று. உட்காரும்போது அந்தக் கால் முழுதாக மடங்காமல் நீட்டியபடி நின்றதை அவர் பார்த்துவிட்டார். பிறகு சின்னையாவின் முகத்தைப் பார்த்தார்.

"இந்தக் கால்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா."

துரை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கியிருந்தது.

"இதான் ஐயா. போடுங்க."

டிரசர் துரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார். அவருக்கும் வீடு கம்பெனி வீடுதான். கணுக்காலைச் சுற்றி நாலு இடத்தில் குத்தினார். மறுபடி கட்டைக் கட்டிவிட்டார்.

பத்து நிமிஷத்தில் அந்தக் கால் இல்லாமல் போயிற்று. இருக்கிறதா என்று சின்னையா குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இத்தனை வருஷமும் புல்லின் ஈரம், மணல், பந்தின் தையல் எல்லாவற்றையும் அவனுக்கு அந்தப் பாதம்தான் சொல்லியது. இப்போது பாதம் தரையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. பந்து காலில் பட்டதா என்பது அது உருண்டு போவதைப் பார்த்த பிறகே தெரிந்தது. தெரிந்த கால் ஒன்றே ஒன்றுதான், அது இடது. ஒவ்வொரு எட்டுக்கும் உயிரை எடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். அழுகை அழுகையாக வந்தது. முதல் பாதியில் இரண்டு தடவை தன் பாதம் தடுக்கித் தானே விழுந்தான். சுவரிலிருந்து யாரோ சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை.

இரண்டாம் பாதி முடியப் பத்து நிமிஷம் இருந்தது. யாரும் இன்னும் கோல் போடவில்லை. பந்து தானாகவே அவன் முன்னால் வந்து விழுந்தது. கோல் இருபது அடி தூரம். இடதை ஊன்றி வலதைத் தூக்கினான். ஈப்போவின் தடுப்பாட்டக்காரன் பந்தைப் பார்க்கவே இல்லை, அவன் கண் கட்டின் மேலேயே இருந்தது. பூட்ஸ் வந்து இறங்கியது. காய்ந்த தென்னை மட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் பாடாங் முழுக்கக் கேட்டது. சின்னையாவுக்கும் கேட்டது. யாருக்கோ அடிபட்டுவிட்டது, பாவம் என்று விழுந்துகொண்டே நினைத்தான்.

விசில் அடித்தது. நடுவர் கை பெனால்ட்டிப் புள்ளியைக் காட்டியது. சுவரோரம் ஒரே ஆரவாரம், ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் கத்தவில்லை. யூசுப் தன் கோலை அப்படியே போட்டுவிட்டு மைதானம் முழுக்க ஓடி வந்தான். வந்தவன் மண்டியிட்டு, சட்டையைக் கழற்றிச் சின்னையாவின் கால்மேல் போட்டு மூடினான். அவன் முகம் கோணிப்போயிருந்தது.

"பாக்காதீங்க அண்ணே. என்னைப் பாருங்க. என்னை மட்டும் பாருங்க."

"ஏண்டா அழுவுற? பெனால்ட்டிடா! நான் அடிக்கிறேன், தூக்கிவிடு" என்றான் சின்னையா. அவனுக்கு மூச்சு வாங்கியது. எட்டு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று தோன்றியது. "எனக்கு ஒண்ணும் இல்லடா. சத்தியமா வலியே இல்ல."

யூசுப் எழுந்திருக்கவில்லை. யாரோ பந்தை எடுத்துப்போய் வெள்ளைப் புள்ளியில் வைத்தார்கள். சின்னையா இரண்டு கையையும் மேலே நீட்டியபடி, தூக்கிவிடுவதற்காகக் காத்திருந்தான்.