வெள்ளிக்கிழமை ஊசி

வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்குச் சற்று முன், பின்னறைக்குள் யாரோ நிற்பதாகப் பர்ஸானா சொன்னாள். பூட்டிய கதவுக்கு அப்பால் மூச்சுச் சத்தம். பிறகு ஸ்பிரிட் மணம். மூன்று வருடமாகப் பிள்ளை தங்காததற்கும் அந்த ஜின்தான் காரணம் என்று அவளுடைய உம்மா றமீஸா வாசலில் ஓதிய தண்ணீர் தெளித்துவந்தார்.

உள்ளே நின்றது அவள் கணவன் அஸ்கர். கட்டாரில் ஜிம்முக்குப் போன காலத்தில் பழகிய ஆண் ஹோர்மோன் ஊசியைத் தொடையில் ஏற்றிக்கொண்டு, பின்கதவால் பள்ளிவாசலுக்குப் போவான். ஓட்டமாவடி ஊர் வழக்கப்படி பெண்ணுக்குக் கொடுத்த வீடு அது. வந்து குடியிருக்கும் மருமகனுக்குத் தனியாக நிற்க வேறு இடமில்லை. பிள்ளை தங்கவில்லை என்றதும் ஊசியின் அளவை இரட்டித்தான். அதுவும் பலிக்காமல் போக, வீட்டில் சொல்லாமல் டொக்டரிடம் போனான்.

டொக்டர் சுலோஜனா வவுணதீவில் வயல் செய்பவரின் மகள். பரிசோதனைத் தாளை அவன் பக்கம் திருப்பினார்.

"விந்தணு ஒன்டுமில்ல. மூளை அனுப்புற ரெண்டு ஹோர்மோனும் இல்லாத மாதிரித்தான். ஊசி போடுறீங்களா தம்பி?"

"ஓம். கூட்டிப் போட்டாக் கூடும் என்டு நினைச்சன்."

"வயல் வட்டைக்குத் தண்ணி விடுறவர் வாய்க்கால் மட்டத்தப் பாத்துத்தான் மதகுக் கதவத் திறப்பார். நீங்க வெளியால தண்ணி கொண்டந்து வாய்க்கால நிரப்பினா, போதும் என்டு மூடிருவார். வாய்க்கால் ததும்பும், வயல் வெடிச்சுக் கிடக்கும்."

மூளையிலிருந்து தூது வராவிட்டால் விந்தகங்கள் தாமே ஹோர்மோன் சுரப்பதை நிறுத்திவிடும். விந்தணு வளர அங்கேயே ஊறும் அந்தச் செறிவு வேண்டும். இரத்தத்தில் எவ்வளவு ஓடினாலும் அதற்கு ஈடாகாது.

"நிப்பாட்டினாத் திரும்புமா?"

"அநேகமாத் திரும்பும். மூளை முழிக்க மாசக்கணக்காகும். அதுக்குப் பிறகும் ஒரு விந்தணு வளர ரெண்டரை மாசம். சத்தியம் பண்ண மாட்டன். மனிசிக்குத் தெரியுமா?"

"இல்ல. அவ ரெண்டு வருசமாப் பிள்ளைக்கென்டு குளிசை குடிக்கிறா."

டொக்டர் பேனையை மூடினார். "இண்டைக்கே சொல்லுங்க."

வீட்டில் பர்ஸானா குளிசையை உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

"அதக் குடிக்காத புள்ள," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அறைக்குள்ள நின்டது நீங்களா?"

"ஓம்."

"பயத்தில ராவெல்லாம் நடுங்குவன். நீங்கதானே என்ட தலையில கைவெச்சு ஓதி ஊதுனீங்க."

அவன் கையை நீட்டினான். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"இப்பயும் பயமாத்தான் இரிக்கி மச்சான். இனி நான் ஆருட்ட ஓடுற?"